மாடிக் கண்ணுக்கு மறைப்பு: எங்கள் கொல்லையில் செய்தது

எங்கள் வீடு தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் பக்கம். தொண்ணூறுகளில் மனை போட்டபோது வாங்கியது. பின்னால் ஒரு கிணறு, துவைக்கிற கல், துணி காயப்போடுகிற கொடி, ஒரு தென்னை, கொஞ்சம் வெறும் மண். மேற்குப் பக்கத்து மனை ரொம்ப காலம் சும்மா கிடந்தது. சீமைக் கருவேலமும் நாலைந்து கீரிப்பிள்ளையும்தான் அங்கே குடியிருந்தன. பிறகு அதை வாங்கினவர் கீழே கார் நிறுத்த ஸ்டில்ட் விட்டு, மேலே இரண்டு தளம் கட்டினார். ஆறு வீடு. ஆறு வீட்டு பால்கனியும் எங்கள் கொல்லையைப் பார்த்தே நிற்கின்றன.

கொல்லை என்பது வீட்டுப் பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடுகிற இடம். என் மாமியார் எண்பதை நெருங்குகிறவர். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்காருவது, தலை காயவைப்பது, வடாம் பிழிவது எல்லாம் அங்கேதான். அடுக்ககத்தில் ஆள் குடிவந்த பிறகு அத்தை கொல்லைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார். "யாரும் நம்மளப் பாக்கறதுக்குன்னு நிக்கல, எனக்கும் தெரியுது. ஆனா அண்ணாந்து பாத்தா ஒரு தலை தெரியுதே" என்றார். எனக்கும் அதுதான் தொந்தரவு. எந்நேரமும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை, பார்க்கக்கூடும் என்ற நினைப்பே போதும், கையைத் தூக்கிக் கொண்டை போட முடியாது.

முதலில் எல்லோரும் சொன்ன யோசனை, சுவரை உயர்த்து. எங்கள் சுற்றுச்சுவர் ஐந்தடி, நாலரை அங்குலக் கட்டு, பத்தடிக்கு ஒரு தூண். கொத்தனார் வந்து கீழே கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிட்டு, இந்த அஸ்திவாரத்துக்கு மேலே மூன்றடி ஏற்றினால் ஒரு பெரிய காற்றுக்கே கார் மேல் சாயும் என்றார். அவர்கள் கார் மேல். தவிர, சுற்றுச்சுவர் உயரத்துக்கும் கட்டட விதியில் வரம்பு உண்டு, உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்காமல் கைவைக்க முடியாது. இதையெல்லாம் விடுங்கள், மூன்றடி ஏற்றினால் மறையுமா என்று யாரும் கணக்குப் போடவில்லை.

கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான். இரண்டாவது தளத்து பால்கனியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 25 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த பால்கனி எங்கள் சுவரிலிருந்து 6 அடி தள்ளி. எங்கள் துவைக்கிற கல் சுவரிலிருந்து 10 அடி உள்ளே. கல்லருகே நிற்கிற பெண்ணின் தலை 5 அடி உயரம். ஆக, கண்ணுக்கும் தலைக்கும் நடுவே கிடைமட்டத் தூரம் 16 அடி, உயர வித்தியாசம் 20 அடி. பார்வைக் கோடு ஒவ்வோர் அடிக்கும் ஒண்ணேகால் அடி ஏறுகிறது. சுவர் இருக்கிற இடத்தில், அதாவது நம்மிடமிருந்து 10 அடியில், அந்தக் கோட்டின் உயரம் 17½ அடி! எட்டடிச் சுவர் கட்டி என்ன பிரயோஜனம்? ஜெயில் மாதிரி இருக்கும், ஆனால் எல்லாம் தெரியும்.

அதே கோட்டை நமக்குக் கிட்டே பிடித்துப் பாருங்கள். கல்லிலிருந்து 3 அடி தள்ளி ஒரு மறைப்பு நின்றால் 8¾ அடி உயரம் போதும். இந்த ஒரு விஷயம் புரிந்ததும் பாக்கி எல்லாம் தன்னால் வழிக்கு வந்தது. மறைக்க வேண்டியது எல்லையை அல்ல, ஆள் உட்காருகிற, நிற்கிற இடத்தை. எங்கள் கொல்லை நாற்பதடி நீளம். அதில் ஒளிவுமறைவு வேண்டிய இடம் கல்லும் அதையொட்டிய சிமென்ட் தரையும் சேர்த்துப் பதினாறு அடிதான். தென்னை மரத்தடியை யார் பார்த்தால் என்ன?

இன்னொன்றும் அதே கணக்கில் கிடைத்தது. மேலிருந்து வருகிற பார்வை சாய்ந்து வருவதால், மறைப்பின் அடிப்பகுதியை மூட வேண்டியதே இல்லை. முதல் தளத்துக் கண் 15 அடியில் இருக்கிறது. அங்கிருந்து நம் பாதத்தைப் பார்க்கிற கோடு, மூன்றடி தள்ளி நிற்கும் மறைப்பை 2¾ அடி உயரத்துக்கு மேலேதான் கடக்கிறது. தரைத்தளம் கார் நிறுத்துமிடம், அதை ஐந்தடிச் சுவரே பார்த்துக்கொள்ளும். ஆகவே தரையிலிருந்து இரண்டரை, இரண்டே முக்கால் அடி திறந்து விட்டுவிடலாம். காற்று அடியில் புகுந்து போகும், தரை காயும், பாசி பிடிக்காது, பெருக்கித் தள்ளவும் வசதி.

காகிதத்தில் போட்டதை நம்பிக் கம்பம் நடவேண்டாம். உண்மையான கண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள். நான் அடுக்ககத்து இரண்டாவது தளத்துப் பெண்ணிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். போவதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது, சண்டைக்கு வந்ததாக நினைத்துவிட்டால்? அவளோ, "ஐயோ ஆன்ட்டி, நாங்களே பால்கனில துணி உலர்த்த வர்றப்போ உங்க பாட்டி உக்காந்திருந்தா திரும்பி உள்ள போயிடுவோம். எங்களுக்கும் சங்கடம்தான்" என்றாள். வீடியோ கால் போட்டுக் கைபேசியைத் தன் கண் உயரத்தில் பிடித்துக்கொண்டாள். கீழே அத்தை கல்மேல் உட்கார, என் மகன் ஒரு மூங்கில் கழியில் பழைய போர்வையைக் கட்டி உயர்த்திக்கொண்டே போனான். திரையில் அத்தையின் தலை மறைந்த இடத்தில் கழியில் சாக்பீஸ் கோடு. அத்தையை எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி ஒரு கோடு. முதல் தளத்திலிருந்தும் அதேபோல. கணக்குக்கும் கோட்டுக்கும் அரையடிதான் வித்தியாசம், அதுவும் எங்கள் தரை கொஞ்சம் சரிவு என்பதால்.

மொட்டை மாடிதான் பாக்கி. அங்கே யாராவது நின்றால் கண் 35 அடிக்குப் போய்விடுகிறது, ஒன்பதடி மறைப்பைத் தாண்டித் தலை தெரியும். அதற்காகக் கம்பத்தை உயர்த்தாமல், மேலே உள்பக்கமாக மூன்றடி நீட்டிப் பந்தல் மாதிரி விட்டோம். தலைகீழாகக் கவிழ்த்த எல் எழுத்து போல இருக்கும். இந்த நீட்டல் ஓரடி இருந்தாலே கணக்குக்குப் போதும். மூன்றடி விட்டது அவரைக் கொடி ஏற்றுகிற ஆசையில்.

இனி எதைக் கொண்டு மறைப்பது? கேட்டவர்கள் எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது.

தகரம். மலிவு, ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் சென்னையில் வேண்டாம். மேற்கு வெயில் பட்ட தகரத்துக்குப் பக்கத்தில் உட்கார முடியாது என்பது ஒரு பக்கம். பெரிய பிரச்சினை காற்று. காற்றின் அழுத்தத்துக்கு இன்ஜினியர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: மீட்டர் கணக்கில் நொடிக்கான வேகத்தை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் விசை நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று என்றால் சதுர மீட்டருக்கு 240 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 24 கிலோ எடை. எங்கள் மறைப்பு ஆறடி உயரம், பதினாறு அடி நீளம், ஒன்பது சதுர மீட்டர். இருநூறு கிலோவுக்கு மேல் ஒரே தள்ளு. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்கு. சென்னையில் கட்டடங்களை வடிவமைக்க எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகமே நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது எங்கள் தெருவில் மாடித் தகரங்கள் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

புயலை விடுங்கள், சித்திரை வைகாசியில் சாயங்காலம் இடிமழை வருகிறதே, சென்னையில் அது பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும்தான் வரும். மழைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் புழுதியோடு ஒரு சுழற்று சுழற்றும். எங்கள் மறைப்பு மேற்குப் பக்கம், ஆகவே அந்த அடியை நெஞ்சில் வாங்குகிறது. இதில் ஒரு நல்லதும் உண்டு. மதியத்துக்கு மேல் வருகிற கடல் காற்று கிழக்கிலிருந்து வருவதால் அது தடைபடவில்லை. உங்கள் வீட்டில் அடுக்ககம் கிழக்கே இருந்தால் இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கும். ஓட்டை இல்லாத மறைப்பைப் போட்டுக் கடல் காற்றை அடைத்தால் கொல்லையில் யாரும் உட்கார மாட்டார்கள், மறைப்பும் தண்டம்.

தென்னங்கீற்றுத் தட்டி அத்தையின் தேர்வு. அவர் பிறந்த ஊரில் குளிக்கிற இடத்துக்கு அதுதான் மறைப்பு. மட்டையை ஊறவைத்து முடைந்த கீற்று வெயிலைத் தாங்கும், காற்றும் கசியும், கண்ணுக்கும் குளிர்ச்சி. வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், முடைகிற ஆள் இப்போது எங்கள் பக்கம் கிடைப்பதில்லை, பட்டாசுக் காலத்தில் பக்கத்து மாடியிலிருந்து ஒரு பொறி விழுந்தால் போச்சு. மூங்கில் தட்டி அதைவிடத் தாங்கும், ஆனால் பச்சையாக வெட்டின மூங்கிலில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைத்து உளுத்துவிடும். தட்டியைத் தட்டினால் மாவாகக் கொட்டினால் அதுதான் அடையாளம். தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டதா, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் முக்கியதா என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

கோயம்புத்தூரில் என் நாத்தனார் வீட்டில் படுக்கைவாட்டில் அலுமினியப் பட்டை அடித்திருக்கிறார்கள். பார்வை மேலிருந்து சரிந்து வருவதால் பட்டைக்குப் பட்டை இடைவெளி விட்டாலும் மறைக்கும். நாலு அங்குல அகலப் பட்டையைத் தட்டுபோலப் படுக்கவைத்து இரண்டரை அங்குல இடைவெளி விட்டால், எங்கள் வீட்டு அளவுகளுக்கு முதல் தளத்துப் பார்வையே நின்றுவிடும், இரண்டாவது தளத்துக்கு ஐந்து அங்குலம் விட்டாலும் போதும். வெளிப்பக்க விளிம்பு கொஞ்சம் தாழ்ந்து இருக்கும்படி சாய்த்துவிட்டால் இன்னும் நல்லது. அழகும் அதுதான். காசு தாங்கவில்லை என்பதால் நாங்கள் போடவில்லை.

நாங்கள் போட்டது இரும்புச் சட்டம், அதில் கழற்றி மாட்டுகிற பச்சை வலை, வலையைத் தொடர்ந்து படர்கொடி.

சட்டத்தில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். மொத்தச் செலவில் முக்கால்வாசி கம்பத்துக்கும் குழிக்கும் போயிற்று, வலைக்கு ஆனது அற்பம். எங்கள் வெல்டர் தம்பி, "அக்கா, வலை கிழிஞ்சா நாளைக்கு வேற வாங்கிக்கலாம். கம்பம் சாஞ்சா அது உங்க தலையிலதான் விழும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். இரண்டரை அங்குல ஜி.ஐ. (ஜிங்க் பூசிய இரும்பு) பைப், நாலு கம்பம், மூன்றடி ஆழக் குழி, அடியில் ஜல்லி, மேலே காங்கிரீட். குழியின் மேல்மட்டத்தைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி, கம்பத்திலிருந்து வெளியே சரியும்படி பூசச் சொன்னான். காரணம் கேட்டேன். துவைக்கிற இடத்தில் சோப்புத் தண்ணீர் கம்பத்தின் அடியில் தேங்கினால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும், மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த ஒரு அங்குலத்தில்தான் பைப் அறுபடும் என்றான். மேல் வாயில் பிளாஸ்டிக் மூடி. மூடாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி உள்ளிருந்து துரு. வெல்டிங் வைத்த இடங்களில் ஜிங்க் பூச்சு எரிந்துபோவதால் அங்கே மட்டும் துருத் தடுப்பு பெயின்ட் இரண்டு கை.

கம்பம் எதுவும் சுற்றுச்சுவரைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். சுவர் பொதுச்சுவராக இருந்தால் அதில் போல்ட் அடிக்க அடுத்தவர் சம்மதம் வேண்டும். நம் மண்ணில், சுவரிலிருந்து ஏழடி உள்ளே நட்ட கம்பத்துக்கு யாரும் கேள்வி கேட்கவில்லை.

வலை வாங்கும்போது சதவீதம் சொல்லிக் கேட்பார்கள். 50 சதவீதம் செடிக்கு நிழலுக்கு. அதன் வழியே ஆள் தெளிவாகத் தெரியும். 90 சதவீதம் கிட்டத்தட்டத் துணி, காற்றில் பாய்மரமாகிவிடும். 75 எங்களுக்குச் சரியாக இருந்தது, அசைவு தெரியும், ஆள் தெரியாது. புற ஊதாக் கதிர் தாங்கும் பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். இல்லாதது ஓரிரண்டு கோடையில் கையில் பொடியாக உதிரும். ஓரத்தை மடித்து நைலான் கயிறு கோத்துத் தைக்கவேண்டும், எங்கள் தெரு தையற்காரர் தார்ப்பாய் தைக்கிற நூலில் தைத்துக் கொடுத்தார். கம்பத்தில் கட்டுவதற்கு மட்டும் கெட்டியான கயிறு கூடாது. மெல்லிய கேபிள் டை போடுங்கள். பெருங்காற்றில் கட்டு பட்பட்டென்று அறுந்து வலை ஒரு பக்கம் தொங்கிவிடும், கம்பத்துக்கு ஒன்றும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கத்தரிக்கோலோடு போய்க் கீழே இறக்கிச் சுருட்டி வைத்துவிடுகிறோம். அரைமணி நேர வேலை.

வலையில் பலர் யோசிக்காத ஒன்று, ராத்திரி. பகலில் வெளியே வெளிச்சம், வலைக்கு உள்ளே நிழல், ஆகவே வெளியிலிருப்பவர் கண்ணுக்கு வலைதான் தெரியும். ராத்திரி கொல்லை விளக்கைப் போட்டால் எல்லாம் தலைகீழ். உள்ளே நிற்பவர் நிழற்படம்போல் பளிச்சென்று தெரிவார். எங்கள் விளக்கு வீட்டுச் சுவரில் இருந்தது, அதாவது ஆளுக்குப் பின்னால். அதை எடுத்துவிட்டு, வலைச் சட்டத்தின் வெளிப்பக்கம், கீழ்நோக்கி ஒரு சின்ன எல்.இ.டி. போட்டோம். இப்போது வெளிச்சம் வலையின் வெளிமுகத்தில் விழுகிறது. கிணற்றடிக்குத் தேவையான வெளிச்சம் அடியில் திறந்திருக்கும் இடைவெளி வழியாக வந்துவிடுகிறது.

செடிக்கு வருவோம், இதில்தான் எனக்குப் பேச ஆசை.

நர்சரியில் முதலில் காட்டுவது கோனோகார்பஸ். சரசரவென்று வளரும், சுவர் மாதிரி அடர்த்தி. வேண்டவே வேண்டாம். வேர் தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் தேடிப் போகும். குஜராத் 2023-லேயே தடைசெய்தது, தமிழ்நாடும் தடை போட்டிருக்கிறது. இன்னமும் வேறு பெயர் சொல்லி விற்கிறவர்கள் உண்டு. அடுத்தது நெட்டிலிங்கம், அசோகா என்று சொல்லித்தான் தருவார்கள். இடம் அதிகம் கேட்காத நல்ல மரம், ஆனால் இருபதடி உயர்ந்து பயன்தரப் பல வருஷம் ஆகும். பொறுமையும் வேலியோரமும் இருந்தால் வையுங்கள், அது சுவரோர மறைப்பு என்பதால் அதற்கு அந்த 17½ அடிக் கணக்குப் பொருந்தும் என்பதையும் மறக்காதீர்கள். அலங்கார மூங்கிலில் புதராக வளர்கிற ரகம் நல்லது, ஓடுகிற ரகம் சுவருக்கு அடியில் புகுந்து கார் நிறுத்துமிடத்தில் முளைக்கும். எங்களுக்கு இலைக் குப்பை பயம், அத்தைக்குப் பாம்பு பயம், விட்டுவிட்டோம். கொங்குப் பக்கம் வேலிக்கு வைக்கிற கிளுவை உறுதியானது, ஆனால் கோடையில் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். நமக்கு மறைப்பு தேவைப்படுவதே கோடையில்தான். "முருங்கை வைடி, கீரையும் ஆச்சு" என்றார் அத்தை. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தாக அடிமரத்தில் அப்பியிருப்பதையும், அது துணிக் கொடியில் விழுவதையும் நினைவூட்டியதும் அவரே வேண்டாம் என்றார்.

சட்டம் இருக்கும்போது கொடிதான் லாபம், அரையடி அகல மண் போதும், மரம்போல் இடம் கேட்காது. ஆனால் கொடியை அவசரத்துக்கு நம்பக்கூடாது, அதற்காகத்தான் வலை. நிரந்தரத்துக்கு இரண்டு வைத்தேன். ஒன்று இரங்கூன் மல்லி. சாயங்காலம் வெள்ளையாகப் பூத்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அப்புறம் சிவந்துவிடும் கொத்து. வாசனைக்கு அடிமையாகிவிடுவீர்கள், ஆனால் முரட்டுக் கொடி. கவாத்து செய்யாமல் விட்டால் தண்டு கைத்தடி கனத்துக்குப் போய்ச் சட்டத்தையே முறுக்கும். இன்னொன்று நர்சரியில் கர்ட்டன் க்ரீப்பர் என்கிறார்கள். பூ ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் மேல் கம்பியில் ஏற்றிவிட்டால் இழை இழையாகக் கீழ்நோக்கித் தொங்கும், திரைச்சீலையேதான். தரையிலிருந்து இரண்டே முக்கால் அடியைத் திறந்து விட்டு அதற்கு மேலே மறைக்கவேண்டும் என்ற நம் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்தது. தரையை எட்டினால் கத்தரித்துவிடுவேன்.

முதல் வருஷத்துக்குக் காய்க்கொடி. ஆடியில் விதைத்த அவரை ஐப்பசிக்குள் பந்தலை மூடிவிட்டது, தை வரை காய். பனிக்காலத்தில் நுனியில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்பு, சாயங்காலம் அடித்தால் அடங்கும். கோடைக்கு அவரை தாங்காது, கொடிப்பசலை தாங்கும். தடித்த இலை, கோடை முழுக்கப் பச்சை, வாரம் ஒருநாள் பருப்பில் போட்டுவிடலாம். மறைப்பைப் பறித்துச் சமைக்கிறோம் என்று வீட்டில் கிண்டல்.

கட்டடம் கட்டின மண்ணில் கொடி வராது. எங்கள் பக்கம் ஓரடி தோண்டினால் செங்கல் துண்டும் காரைக்கட்டியும்தான். இரண்டடிக் குழி எடுத்து அத்தனையையும் அள்ளிக் கொட்டிவிட்டுச் செம்மண், தொழு உரம், கொஞ்சம் மணல் போட்டு நட்டோம். துவைத்த தண்ணீரைச் செடிக்கு விட்டுவிடலாமே என்பார்கள். முதல் சோப்புத் தண்ணீர் வேண்டாம், கடைசியாக அலசின தண்ணீர் ஆகும்.

துணி காய்வது குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு: மேற்கில் மறைப்பு என்பதால் நாலு மணி வெயில் போயிற்று, காலை வெயிலும் உச்சி வெயிலும் அப்படியே இருக்கின்றன. தெற்குப் பக்கம் மறைக்கிறவர்கள் மார்கழியைக் கணக்கில் வைக்கவேண்டும். சென்னையில் அப்போது உச்சிப் பொழுதிலும் சூரியன் தெற்கே சரிந்து 53 டிகிரியில்தான் நிற்கிறது, ஒன்பதடி மறைப்பின் நிழல் ஆறே முக்கால் அடி நீளும். வடக்கே மறைப்பவர்களுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. உள்ளாடைகளை மேலே ஒரு துண்டைப் போர்த்திக் காயவைப்பதுதான் நம் வீடுகளில் பழக்கம், வெயில் படாத துணி நாற்றமடிக்கும். இப்போது சட்டத்துக்கு உள்பக்கம் அவற்றுக்கென்றே ஒரு துணிக் கொடி.

கோர்ட்டு, சட்டம் என்று ஏதாவது வழி உண்டா என்று என் தம்பி கேட்டான், அவனுக்கு எதற்கெடுத்தாலும் நோட்டீஸ். 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்தின் (அடுத்தவர் சொத்தின்மேல் நமக்குள்ள வசதி உரிமை பற்றியது) 18-ஆம் பிரிவில், பக்கத்து வீட்டு அந்தரங்கத்தைக் கெடுக்கும்படி புது ஜன்னல் திறக்கக்கூடாது என்கிற ஊர் வழக்கம் ஒரு உதாரணமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. குஜராத் பக்கம் நீதிமன்றங்கள் அந்த வழக்கத்தை ஏற்றிருக்கின்றன. நம் ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதை வழக்குப் போடுகிறவர்தான் நிரூபிக்கவேண்டும். பால்கனி கட்டியது குற்றமில்லை. ஒருவன் வேண்டுமென்றே எட்டிப் பார்க்கிறான், பெண்களின் அந்தரங்கத்தைப் படமெடுக்கிறான் என்றால் அது வேறு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது, போலீசுக்குப் போகலாம். எங்களுக்கு அந்த அளவு விவகாரம் இல்லை.

பேச்சில் தீர்ந்ததுதான் அதிகம். அடுக்ககத்துச் சுவரில் மாட்டியிருந்த சி.சி.டி.வி. ஒன்று பாதி எங்கள் கிணற்றடியைப் பார்த்தது. அவர்கள் சங்கத்துச் செயலாளரிடம் சொன்னதும் கேமராவைத் திருப்பினார், திருப்பியும் விழுந்த மூலையைப் பதிவு மெஷினிலேயே கறுப்பாக மறைத்துவிடலாம் என்று காட்டினார். அந்த வசதி பெரும்பாலான மெஷின்களில் உண்டு, கேட்டால்தான் செய்வார்கள். முதல் தளத்துக்காரர்கள் தங்கள் பால்கனிக் கிராதிக்கு உள்பக்கம் மூங்கில் சிக், அதாவது மூங்கில் குச்சித் திரை, தொங்கவிட்டார்கள், அவர்களுக்கும் ஒரு மறைவு கிடைத்தது. பார்க்கிறவர் கண்ணருகே ஒரு முழச் சிக் செய்கிற வேலையை நடுவில் பதினொன்றேகால் அடிச் சுவர் செய்யவேண்டியிருக்கும். இரங்கூன் மல்லிக் கொத்து சுவர் தாண்டி அவர்கள் கார்மேல் உதிராதபடி நானும் அந்தப் பக்கத்தை மாதம் ஒருமுறை வெட்டிவிடுகிறேன்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் குழி தோண்ட முடியாதே என்பார்கள். இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் கம்பத்தை நிறுத்திக் காங்கிரீட் நிரப்பினால் ஒன்று 48 கிலோ தேறும். அதைக்கொண்டு ஒன்பதடி நிறுத்தக்கூடாது, ஆறடி உயரம், நாலடி அகலம் வரைக்கும் பரவாயில்லை. நிற்பவரை மறைக்காது, உட்கார்ந்திருப்பவரை மறைக்கும், இரண்டடி தள்ளி வைத்தால். முக்காலியில் உட்கார்ந்தவரின் தலை மூன்றரை அடி, அதற்கு ஒண்ணேகால் அடிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஆறடி வரும். காற்று கிளம்பினால் வலையை உருவிவிட்டு வாளிகளைச் சுவரோரம் நகர்த்திவிடுங்கள். வீடு காலி செய்யும்போது லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம், தூக்க இரண்டு ஆள் வேண்டும்.